அம்மாவின் படத்தை அப்பா பார்த்த நாள்

போன மாதம் நாம் எல்லோரும் அந்த ஓவியக்கூடத்துக்குப் போய் வந்தோமே, அன்று நான் கைக்குட்டையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று சொன்னேன். பொய். முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலை பார்த்து, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு 'வலிக்காது, வலிக்காது' என்று சொல்லிச் சொல்லி, பொய் என் வாய்க்குப் பழகிவிட்டது. நீங்களும் நம்பிவிட்டீர்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும், "கைக்குட்டைக்கு யாராச்சும் செவுத்த தேடுவாங்களா?" என்று கேட்டார். நான் காதில் விழாததுபோல் நடந்துவிட்டேன்.

மெர்கோங்கில் நம் வீடமைப்புத் தாமானில் காலையில் நடக்கிற ஆறு பேரும் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள்தாம். ஆளுக்கொரு தோட்டம். ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்குப் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும். மீதிப் பாதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கட்டடத்தை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். நாட்டின் கதையை முகங்களைக் கொண்டே சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முதல் அறையில் சுல்தான்கள். அடுத்ததில் வாள் பிடித்தவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள், கொடி ஏற்றியவர்கள். அதற்கடுத்து அமைச்சர்களும் நீதிபதிகளும். நீங்களெல்லாம் ஒருவருடைய மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றபோது நான் கடைசி அறைக்கு ஓடிவிட்டேன். அந்த அறையில் மூன்று படங்கள் இருந்தாக வேண்டும். நெல் வயல்காரர், கோத்தா கோலா மூடாவின் மீனவர், பால்மரம் வெட்டும் பெண். நெல் வயல்காரர் இருந்தார். மீனவரும் இருந்தார். மூன்றாவது இடத்தில் தீயணைக்கும் சிவப்புக் குப்பி தொங்கியது.

அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். கூரை ஒழுகிய வருடத்தில் சில படங்களைச் சரிசெய்ய இறக்கினார்களாம், எல்லாம் திரும்ப ஏறவில்லையாம். பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் ஆண்டி என்று என் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டாள். நல்ல பெண். இன்னும் அழைக்கவில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே இறங்கிய படத்துக்கு அவளை நொந்து என்ன பயன்?

அந்த மூன்றாவது படத்தில் இருந்தவர் என் அம்மா.

அப்போது எனக்குப் பத்து வயது. பாலிங் போகும் சாலையிலிருந்து உள்ளே நான்கு மைல் தள்ளி எங்கள் தோட்டம். அது இலையுதிர் காலம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்கும், கீழே சருகு முழங்கால்வரை கிடக்கும், நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பால் குறைந்துவிடும். பால் பிடிக்கிற மங்கில் அடிப்பாகம் நனையும் அளவுக்குத்தான் சொட்டும். வேலை சீக்கிரம் முடிந்துவிடுவதால் பெரியவர்களுக்குச் சண்டை போட நேரம் கிடைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணி ஒரு மலாய்க்காரரை விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக் கூட்டிவந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நான்கைந்து பென்சில்கள். பட்டணத்துப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர். மலாய்க்காரர்கள் ஆசிரியரைக் கூப்பிடுகிற மாதிரியே நாங்களும் அவரைச் 'சிக்கு' என்றோம். அலோர் ஸ்டாரில் புதிதாகத் திறக்கப்போகிற படக்கூடத்துக்கு, ராஜாக்கள் மந்திரிகளோடு சேர்த்து உழைக்கிறவர்களின் முகம் மூன்று வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தார்களாம். இரண்டை முடித்துவிட்டார். மூன்றாவதுக்கு எங்கள் தோட்டம்.

இரண்டு காலை அவர் நோட்டுப் புத்தகத்தோடு மரத்துக்கு மரம் பின்னாலேயே நடந்தார். அந்த இரண்டு காலையும் எங்கள் தோட்டத்துப் பெண்கள் பௌடர் பூசிக்கொண்டு பால்மரம் வெட்டினார்கள். வேலை வாங்குகிற தண்டலின் மகள் கண்ணுக்கு மை கூட வைத்திருந்தாள். கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். மூன்றாம் நாள் சிக்கு கிராணியிடம் காட்டிய முகம் அம்மாவுடையது.

"என்னையவா?" என்று அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "ஆளு மாறிப் போயிருக்கும், கிராணியய்யா. நல்லா கேட்டுப் பாருங்க."

"கேட்டாச்சு. நீதான். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வேல முடிஞ்சு பள்ளிக்கூடத்துப் பின்னால வந்து ஒக்காரணும். தொர சரின்னுட்டாரு."

அம்மாவுக்கு அதுவரை இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. கட்டைவிரல் நகத்தளவு. அதில் அம்மா எதையோ திருடிப் பிடிபட்டவர் மாதிரி விழித்துக்கொண்டிருப்பார். அன்று வேலை முடிந்து வந்து, யாரும் இல்லை என்று நினைத்து, அம்மா வாளித் தண்ணீரில் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிவிட்டார்.

நம் கெடாவில் வெள்ளிக்கிழமைதானே பள்ளி விடுமுறை. தோட்டத்துக்கோ ஞாயிறு. அதனால் வெள்ளிக்கிழமை என்றால் பிள்ளைகளெல்லாம் வீட்டில், பெற்றோரெல்லாம் காட்டில். சிக்கு தொழுகையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேருவார். அம்மா பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல் வருவார். அப்படியேதான் வரவேண்டும் என்பது சிக்குவின் கட்டளை. கைலி, தலையில் துண்டு, மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்கும் வெட்டுக்குப் போகத் தனிச் சட்டை என்று ஒன்று கிடையாது. புருஷன் போட்டுக் கழித்ததுதான். அப்பா தோட்டத்து லாரி டிரைவர் என்பதால் அம்மாவுடையது காக்கி. இடது முழங்கை கிழிந்து, அம்மா அதில் கோதுமை மாவு மூட்டைத் துணியை வைத்துத் தைத்திருந்தார். மூட்டையில் இருந்த நீல எழுத்தில் பாதி அந்த ஒட்டிலேயே தெரியும்.

நானும் ஐந்து வயதுத் தம்பியும் கூடவே போய் உட்காருவோம். சிக்கு பேசுகிற மலாயை அம்மாவுக்குச் சொல்வது என் வேலை. பெரிய வேலை ஒன்றுமில்லை. "ஜாங்கான் கெராக்" என்பார். "அசையாதேம்மா" என்பேன். அவ்வளவுதான். தைலமும் வர்ணமும் கலந்த வாடை அந்த இடம் முழுக்க இருக்கும். அம்மாவிடமிருந்து வருகிற, உறைந்து புளித்த கோட்டுப்பால் நாற்றத்தை அது அமுக்கிவிடும். எனக்கு இன்றைக்கும் வீட்டுக்கு வர்ணம் பூசுகிற வாடை பிடிக்கும், நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் எழுப்பப் போனேன். சிக்கு உதட்டில் விரலை வைத்து என்னைத் தடுத்தார். தூங்கட்டும், இன்றைக்குக் கையை வரைந்துகொள்கிறேன் என்று மெதுவாக மலாயில் சொன்னார். அந்த ஒரு மணி நேரமும் நான் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பகல் வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். வேறு எப்போதும் அவர் உட்கார்ந்தால் மடியில் அரிசியோ கீரையோ இருக்கும்.

தம்பி ஒருநாள் பச்சை வர்ணத்தைத் திருடி எங்கள் சேவலின் முதுகில் பூசிவிட்டான். இரண்டு வாரம் அது பச்சைச் சேவலாகவே எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி வந்தது. மற்றக் கோழிகள் அதைக் கிட்டே சேர்க்கவில்லை. அம்மா அதற்குச் சிரித்த சிரிப்பில் தலைத்துண்டே அவிழ்ந்துவிட்டது. சிக்குவும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதைத் தண்ணீர் எடுக்கப் போன யாரோ பார்த்துவிட்டார்கள்.

பிறகு என்ன, லயத்துக்கு வாய் முளைத்துவிட்டது. எங்கள் வீட்டை ஒட்டிய வீடு அத்தையுடையது, அப்பாவின் அக்கா. வாசலில் நின்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது, அப்பாவுக்கும் கேட்டது.

"ஒரு ஆம்பள வாரா வாரம் உத்துப் பாத்துக்கிட்டு இருக்கான். இவளும் அசையாம குந்தியிருக்கா. கேட்டா படமாம். நல்லா இருக்குலா ஞாயம்!"

அப்பா பொதுவாகவே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர். அதில் ஐந்து லாரியைப் பற்றி இருக்கும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவருடைய லாரி பள்ளிக்கூடத்து ஓரமாகத்தான் போகும். செம்மண் எழும்பி எங்கள்மேல் படியும். சிக்கு தன் உடம்பைக் குறுக்கே கொடுத்துப் படத்தை மறைத்துக்கொள்வார். அம்மாவின் கண் மட்டும் லாரியோடு கூடவே போகும். அப்பா தலையைத் திருப்பவே மாட்டார்.

சம்பளம் போட்ட வாரத்தில் சைக்கிளில் ஜவுளி பாய் வந்தார். அப்பா தானே போய்ப் புத்தம்புது முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கிவந்தார். நீலக் கட்டம் போட்டது, சின்ன அளவு. அதை அம்மாவிடம் நேராகக் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"அம்மாகிட்ட குடு. வெள்ளிக்கிழம இதப் போட்டுக்கச் சொல்லு."

அம்மா அதை முகத்தில் வைத்து முகர்ந்தார். புதுத்துணிக் கஞ்சி வாடை. அந்த வெள்ளிக்கிழமை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சிக்கு பார்த்தார், தலையைச் சொறிந்தார், படத்தைப் பார்த்தார். பாதிப் படம் காக்கியில் முடிந்துவிட்டது. புதுச்சட்டை அழகாக இருக்கிறது, ஆனால் பழையதையே போட்டுக்கொண்டு வர முடியுமா என்று ரொம்பத் தயங்கித்தான் கேட்டார். அம்மா வீட்டுக்கு ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தார். அன்று மட்டும் பார்த்து அப்பாவின் லாரி மெதுவாக வந்தது. அன்று மட்டும் அப்பா தலையைத் திருப்பினார்.

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்துவிட்டார்.

"நான் வாங்கிக் குடுத்தது ஆகல."

"அப்படி இல்லீங்க. படம் பாதி வரைஞ்சாச்சு. அந்தச் சட்டையிலதான் இருக்கேன். அதுக்காக..."

"செரி. அந்தக் கந்தலோடயே போயி ராஜாங்க பக்கத்துல தொங்கு."

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் வேறு எதைப் பற்றியும்கூட அநேகமாகப் பேசவில்லை. 'சோறு', 'தண்ணி' என்று என்னிடம்தான் கேட்பார். அவருக்கு அம்மாமேல் சந்தேகம் என்று லயமே முடிவு கட்டிவிட்டது. அத்தையும் அப்படித்தான் நினைத்தார். ஏன், நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவைக் கண்டால் பயந்து ஒதுங்கினேன். இப்போது, அப்பாவின் அந்த வயதைவிட இருபத்தைந்து வயது கூடுதலாக ஆனபிறகு, எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. சந்தேகப்படுகிற மனிதன் புதுச்சட்டையா வாங்குவான்? தன் பெண்டாட்டிக்கு ஒரு முழுச்சட்டை வாங்கிக் கொடுக்க வக்கில்லாதவன் என்று ஊர் உலகம் பார்க்கப்போகிறதே என்று அந்த மனிதர் கூசிப்போயிருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லவும் அவருக்குக் கூச்சம். எங்கள் எல்லோருக்கும் கண் இருந்தும் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மாவுக்கும் ஓர் ஆசை இருந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அம்மா ஆசை என்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதை மட்டும் கேட்டார். அப்பா வந்து அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கடைசி வெள்ளிக்கிழமை படம் முடிந்தது. எடுத்துப்போக வேன் வந்து நின்றது. லாரி இந்தப் பக்கமாக வரும், என் வீட்டுக்காரர் பார்க்கட்டும், அதுவரை இருக்க முடியுமா என்று சிக்குவிடம் கேள் என்றார் அம்மா. கேட்டேன். அவர் வேன்காரரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார். லாரி வந்தது, நின்றது. அம்மா சாலைக்கே போய்விட்டார்.

"முடிஞ்சிருச்சுங்க. எறங்கி ஒருக்கா பாத்துட்டுப் போங்களேன். கட்டி எடுத்துட்டுப் போயிருவாங்க."

"எஞ்சின் சூடாயிருக்கு. அமத்தினா திரும்ப எடுக்காது."

"ஒரு நிமிசம்தாங்க."

"நான் பாத்து என்னா ஆவப்போவுது?"

லாரி போய்விட்டது. ஒரு பழைய படுக்கை விரிப்பால் படத்தைச் சுற்றி, நானும் சிக்குவுமாகக் கயிறு கட்டினோம். அம்மா அழுதாரா என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய் அரிசி களைந்தார். வெகுநேரம் களைந்தார்.

அப்புறம் மழை வந்தது. மரங்களில் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. பால் பழையபடி கூடியது. நீலக் கட்டச் சட்டையை அம்மா வேலைக்குப் போட்டுக்கொள்ளாமல் தகரப் பெட்டியிலேயே வைத்திருந்தார். அப்பாவும் கேட்கவில்லை. பச்சைச் சேவலுக்குப் பச்சை போய்விட்டது. அப்பாவின் மௌனம் போகவில்லை.

படக்கூடம் திறந்தாகிவிட்டது, தோட்டத்து மக்கள் வந்து பார்க்கலாம் என்று துரைக்குக் கடிதம் வந்தது. அதைச் சங்கத் தலைவர் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நல்ல மனிதர். விழா என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. துரையிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தோட்டத்து லாரியைக் கேட்டு வாங்கிவிட்டார். லாரி என்றால் டிரைவர் அப்பாதானே. அவரால் வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

"ஓட்டிட்டு வரேன். உள்ள வரமாட்டேன்" என்றார்.

ஏதோ முருகன் கோயிலுக்குப் போவது மாதிரி முப்பது பேர் கிளம்பினோம். புளிச்சோறு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள், ஒரு கைக்குழந்தை. அம்மா கல்யாணக் கூறைப்புடவையைக் கட்டியிருந்தார். முன்சீட்டில் தலைவர் அப்பாவோடு ஏறிக்கொண்டார். நாங்கள் பின்னால் நின்றுகொண்டே அலோர் ஸ்டார் வரை வந்தோம். ஊருக்குள் வந்ததும் தலைவர் ஒரு பூக்கடை முன்னால் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அவர் எந்த நிகழ்ச்சிக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். மந்திரி வந்தால் மாலை, துரை மாற்றலாகிப் போனால் மாலை, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புது மருந்துக்காரர் வந்தால் மாலை. அன்று வாங்கியது செவ்வந்தியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய, இடுப்புவரை தொங்குகிற பெரிய மாலை.

படக்கூடத்துப் படியில் நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டோம். காவலாளி ஒரு வயதான மலாய்க்காரர். வேண்டாம், வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். யார் கேட்டார்கள்? பெரிய இடம் என்றால் செருப்போடு நுழைந்து எங்களுக்குப் பழக்கமில்லை. கடைசியில் அந்தச் செருப்புகளுக்கும் சேர்த்து அவரே காவல் நிற்கவேண்டியதாயிற்று. அப்பா சாலைக்கு எதிர்ப்புறம் லாரியின் முகப்பைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

சுல்தான்களைப் பார்த்தோம். வாள்களைப் பார்த்தோம். எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினோம். தம்பி அத்தையின் முந்தானையை இழுத்துக் கேட்டான்.

"அத்தே, இவங்கள்லாம் செத்துட்டாங்களா?"

"ஆமாண்டா ராசா. செவுத்துல ஏறிட்டாலே அப்படித்தான்."

எங்கள் லயத்து வீடுகளில் அதுதான் நடப்பு. சுவரில் சாமி தொங்கும், இல்லையென்றால் செத்தவர் பொட்டும் மாலையுமாகத் தொங்குவார். உயிரோடு இருப்பவரை யாரும் மாட்டுவதில்லை. இரண்டு படம் தள்ளி, அன்று காலை வானொலிச் செய்தியில் பேர் வந்த மந்திரி சிரித்துக்கொண்டு தொங்கினார். அத்தை அவரைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் வாயை மூடிக்கொண்டார்.

கடைசி அறையில் அம்மா இருந்தார்.

எல்லோரும் வழிவிட்டார்கள். அம்மா போய்த் தன் முன்னால் நின்றார். படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. பின்னால் மொட்டை மரங்கள். தலைத்துண்டு, காக்கிச் சட்டை, மடியில் வைத்த கைகள். கண் நேராகப் பார்க்காமல், கொஞ்சம் பக்கவாட்டில், போகிற எதையோ பார்ப்பது மாதிரி இருந்தது. அது எதைப் பார்க்கிற கண் என்று எனக்குத் தெரியும். காவலாளி பின்னாலேயே வந்து படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். "கக்கா, இது நீங்களா?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார். அம்மா தலையாட்டினார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். சுல்தான்கள் அறையில் அப்படித்தான் நின்றிருந்தார்.

தலைவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "நம்ம தோட்டத்து மானத்த, நம்ம சனத்தோட பேர, இன்னிக்கு ராஜாங்க வரிசையில கொண்டாந்து..." என்று ஆரம்பித்துவிட்டார். பேசிக்கொண்டே காவலாளியின் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மாலையை விரித்து, இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்கும்படி அம்மாவின் படத்துக்குப் போட்டார்.

இரண்டு பேர் கைதட்டினார்கள். மூன்றாவது ஆள் தட்டவில்லை.

மாலை போட்ட படம். அதற்குக் கீழே கூறைப்புடவையில் உயிரோடு அம்மா. என்ன நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தலைவருக்குக் கடைசியாக உறைத்தது. முக்காலிமேல் நின்றபடியே முகம் வெளுத்துப்போனார்.

"ஐயையோ... மரியாதைக்குத்தாம்மா... நான் மரியாதைன்னு நெனச்சு..."

"அடப் பாவி மனுசா!" அத்தை போட்ட சத்தம் அந்தக் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. "கல்லாட்டம் இருக்கிறவளுக்கு மால போட்டுட்டியே! ரெண்டு புள்ள இருக்குய்யா அவளுக்கு!" அம்மாமேல் அவருக்கு எவ்வளவு பாசம் இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்று அவர் பேசியதையெல்லாம் நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.

மாலையை இறக்கச் சொன்னாள் ஒருத்தி. போட்டதைக் கழற்றினால் இன்னும் ஆகாது என்றாள் இன்னொருத்தி. யாரும் தொடவில்லை. அம்மாவின் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தம்பி அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான். நானும்தான். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு அது வெறும் பூ.

அப்போது அப்பா ஓடிவந்தார். அத்தையின் அலறல் சாலை தாண்டிக் கேட்டிருக்கிறது. பூட்ஸ் காலோடு, கையில் எண்ணெய்த் துணியோடு, சுல்தான்களையெல்லாம் தாண்டி ஓடிவந்தார். "என்னா? அவளுக்கு என்னா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டத்தை விலக்கினார். அம்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் நின்றார். மூச்சு இரைத்தது. பிறகு எல்லோரும் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நிமிர்ந்தார்.

அப்பா படத்தைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண் கீழே இறங்கிச் சட்டைக்கு வந்தது. மாலை ஓரத்தில் அந்த முழங்கை ஒட்டு தெரிந்தது, பாதி நீல எழுத்தோடு. சிக்கு ஒரு தையல்கூட விடாமல் வரைந்திருந்தார். அவர் கோபப்படப்போகிறார் என்று நினைத்துத் தம்பியை இழுத்துக்கொண்டேன்.

"எறங்குங்க தலைவரே" என்றார்.

தலைவர் இறங்கினார். அப்பா எண்ணெய்த் துணியில் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எட்டி மாலையை எடுத்தார். அவர் உயரத்துக்கு முக்காலி வேண்டியிருக்கவில்லை.

"தம்பி, அத இங்க வெச்சிக்காத" என்று அத்தை அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னார். "வெளிய கொண்டுபோயி ஆத்துல போட்டுரு."

"எதுக்கு?" அப்பா திரும்பினார். "ஆளு குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கிறா. படத்துக்கு எதுக்குக்கா மால?"

அத்தனை பேர் முன்னாலும் அந்த மாலையை அம்மாவின் கழுத்தில் போட்டார்.

மாலை அம்மாவின் கொண்டையில் மாட்டிக்கொண்டது, அவரே எடுத்துவிட்டார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்ட அம்மா அப்படியே குனிந்தபடி கேட்டார்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"சட்டதான்..."

"சட்ட கெடக்கு. நீ நல்லா இருக்க."

முதலில் கைதட்டியவர் காவலாளி. அவருக்கு என்ன புரிந்ததோ. அதற்குப் பிறகு எல்லோரும் தட்டினோம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். இருந்தாலும் மனசு கேட்காமல், ஊருக்கு வந்ததும் அம்மாவுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். வேண்டியிருக்கவில்லை. அந்த மாலைக்குப் பிறகு அம்மா நாற்பத்தாறு வருடம் இருந்தார், அத்தையையும் தலைவரையும் அப்பாவையும் அனுப்பிவைத்துவிட்டுத்தான் போனார்.

திரும்பும்போது தலைவர் யாரும் சொல்லாமலே பின்னால் எங்களோடு ஏறிக்கொண்டார். முன்சீட்டில் அம்மா மாலையோடு உட்கார்ந்தார். லாரியின் பின்கண்ணாடிக்கு நேரே நான் நின்றேன். பொக்கோக் செனா தாண்டுவதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார், ஒரு கையை எடுத்து ஆட்டி ஆட்டிப் பேசினார், பாலிங் சாலை வரை வாய் ஓயவில்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர். எஞ்சின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தலையாட்டுவது மட்டும் தெரிந்தது.

அப்பா என்ன சொன்னார் என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். போன வருடத்துக்கு முந்தைய வருடம், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த அம்மாவுக்கு நானே மருந்து கொடுத்துக்கொண்டு கடைசியாகக் கேட்டேன். அம்மாவுக்கு நல்ல நினைவு இருந்தது.

"அது ஒங்கப்பா எங்கிட்ட சொன்னது" என்றார். "ஒனக்கு எதுக்குலா?"